மீசை வைத்த ஒராங்குட்டான்: 800-க்கும் குறைவானவை வாழும் பத்தாங் தோரு காடு!

சுமத்ரா தீவின் மேற்கு மலைகளில் விடிகாலை. பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். காட்டுக்குள் எங்கோ ஒரு பட்ட மரம் முறிந்து விழும் சத்தம் கேட்கிறது. அதைத் தொடர்ந்து அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் கிளம்புகிறது. மெல்ல ஆரம்பித்து, உச்சத்துக்குப் போய், ஒரு நிமிடத்துக்கும் மேல் நீண்டு, பெருமூச்சுபோல அடங்குகிறது. 'இது என் இடம்' என்று ஓர் ஆண் ஒராங்குட்டான் ஊருக்கே அறிவிக்கும் குரல் அது. பெண் ஒராங்குட்டான்களுக்கு அது அழைப்பு, மற்ற ஆண்களுக்கு எச்சரிக்கை.

இந்தக் குரல் ஒலிக்கும் இடத்தின் பெயர் பத்தாங் தோரு. உலக வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய அளவுக்குச் சின்னக் காடு. ஆனால், இங்கே வாழும் ஒராங்குட்டான்கள் உலகில் வேறெங்கும் கிடையாது. எண்ணிக்கை 800-க்கும் குறைவு. நம் ஊர்ப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் காலை வழிபாட்டுக்கு நிற்கும் பிள்ளைகளைவிடக் குறைவு!

மூன்று வீடு, மூன்று சொந்தம்

'ஒராங்' என்றால் மலாய் மொழியில் மனிதன். 'ஹுத்தான்' என்றால் காடு. காட்டு மனிதன் என்ற அந்தப் பெயர் பொருத்தமானதுதான். நம் மரபணுவில் சுமார் 97 சதவிகிதம் இவற்றோடு ஒத்துப்போகிறது. கொரில்லா, சிம்பன்சி, போனபோ என மற்ற பெரிய மனிதக்குரங்குகள் எல்லாம் ஆப்பிரிக்காவில் இருக்க, ஆசியாவில் மிஞ்சியிருப்பது ஒராங்குட்டான் மட்டும்தான். அதுவும் போர்னியோ, சுமத்ரா என்ற இரண்டே தீவுகளில்.

'ஒராங்குட்டான்னா எல்லாம் ஒண்ணுதானே' என்று நினைத்தால், தவறு. போர்னியோ ஒராங்குட்டான், சுமத்ரா ஒராங்குட்டான், தபானுலி ஒராங்குட்டான் என்று மூன்று தனித்தனி இனங்கள் உண்டு. மூன்றுமே 'மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ளவை' என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றவை. இந்த மூன்றையும் அவற்றின் வீட்டிலேயே போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

முதல் வீடு: புக்கிட் லாவாங்

வடக்கு சுமத்ராவின் தலைநகரம் மேடான். டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்களின் வம்சாவளியினர் இன்றும் வாழும் நகரம் இது. 1884-ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம் நகரின் நடுவே நிற்கிறது. அங்கிருந்து காரில் மூன்று, நான்கு மணி நேரம் போனால் புக்கிட் லாவாங் கிராமம். வழியெங்கும் இரு பக்கமும் வரிசை பிடித்து நிற்பவை எண்ணெய்ப்பனை மரங்கள். அவை முடியும் இடத்தில் போஹோரோக் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குனுங் லெயுசர் தேசியப் பூங்கா. ஒராங்குட்டான், புலி, யானை, காண்டாமிருகம் நான்கும் சேர்ந்து வாழும் காட்டுப்பகுதி, உலகிலேயே இது ஒன்றுதான்.

1973-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இரண்டு பெண் ஆய்வாளர்கள் இங்கே ஒரு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். வீடுகளில் செல்லப்பிராணியாக அடைபட்டுக் கிடந்த ஒராங்குட்டான்களை மீட்டு, மரம் ஏறவும், கூடு கட்டவும், காட்டு உணவைத் தேடவும் பழக்கி அனுப்பும் மையம். இன்று பயணிகள் கண்ணில் படுபவற்றில் பல, அப்படி மீட்கப்பட்டவற்றின் வாரிசுகள்.

சுமத்ரா ஒராங்குட்டானுக்கு முடி நீளம். நிறம் கொஞ்சம் வெளிர் செம்பட்டை. ஆண், பெண் இரண்டுக்கும் தாடி உண்டு. தரையில் கால் வைப்பது அபூர்வம். காரணம், கீழே புலி இருக்கிறது. எரிமலை மண்ணின் வளத்தால் இங்கே பழங்கள் அதிகம். அதனால் ஒரே மரத்தில் நாலைந்து ஒராங்குட்டான்கள் சண்டையில்லாமல் சாப்பிடுவதையும் பார்க்க முடியும்.

புத்திசாலித்தனத்துக்கும் பெயர்போனவை இவை. லெயுசர் பகுதியின் சுவாக் பாலிம்பிங் சதுப்புக் காட்டில் குச்சியைச் சீவி, முள் நிறைந்த பழத்துக்குள் இருக்கும் விதையை எடுத்துத் தின்கின்றன. அதே காட்டில் 2022-ல் ராக்குஸ் என்ற ஆண் ஒராங்குட்டான், முகத்தில் பட்ட காயத்துக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டது. அந்தப் பகுதி மக்கள் மருந்தாகப் பயன்படுத்தும் ஒரு கொடியின் இலையை மென்று, சாற்றைக் காயத்தில் தடவி, மென்ற இலையைப் பற்றுப்போல அப்பிக்கொண்டது. சில நாள்களில் காயம் மூடியது. 2024-ல் இந்த ஆய்வு வெளியானபோது உலகமே வியந்தது.

புக்கிட் லாவாங்குக்கு ஒரு சோகமும் உண்டு. 2003 நவம்பரில் ஓர் இரவு போஹோரோக் ஆற்றில் திடீர் வெள்ளம் வந்தது. மரக்கட்டைகளும் பாறைகளும் உருண்டுவந்து கிராமத்தையே அடித்துப்போயின. 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மேலே காட்டில் மரம் வெட்டியதும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இதே காட்சி மறுபடி வரும்.

இரண்டாவது வீடு: செகோனியர் ஆறு

கடலைத் தாண்டி போர்னியோவுக்குப் போவோம். தீவின் தெற்கில், இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத்தில் இருக்கிறது குமாய் என்ற துறைமுக ஊர். அங்கிருந்து 'குளோத்தோக்' எனப்படும் மரப்படகில் ஏறி, செகோனியர் ஆற்றில் மேல்நோக்கிப் போக வேண்டும். படகிலேயே சமையல், படகிலேயே தூக்கம். கரையில் நீள மூக்குக் குரங்குகள் தாவும். ஆறு போய்ச் சேரும் இடம் தஞ்சோங் புத்திங் தேசியப் பூங்காவின் கேம்ப் லீக்கி. 1971-ல் பிருத்தே கால்டிகாஸ் என்ற ஆய்வாளர் வந்து இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஒராங்குட்டான்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுத்த இடம்.

மலேசியாவின் பக்கம் போனால், சபா மாநிலத்தின் சண்டாக்கான் அருகே செபிலோக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1964 முதல் தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள்.

போர்னியோ ஒராங்குட்டான் கருஞ்சிவப்பு. வளர்ந்த ஆணின் கன்னத்து மடிப்புகள் அகன்று, முன்பக்கம் வளைந்து, முகத்தைச் சுற்றித் தட்டு வைத்ததுபோல இருக்கும். இந்தத் தீவில் புலி கிடையாது என்பதால், தரையில் இறங்கி நடக்கவும் தயங்காது. இங்கே காடு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கொத்தாகப் பழுத்துத் தள்ளும். மற்ற காலங்களில் பஞ்சம். அப்போது மரப்பட்டையை உரித்துத் தின்று சமாளிக்கும். அதனால்தான் பெரும்பாலும் தனிமை விரும்பி.

மூன்றில் எண்ணிக்கை அதிகம் இதற்குத்தான். சுமார் ஒரு லட்சம். 'ஒரு லட்சம் இருக்கே' என்று நிம்மதி அடைய முடியாது. 1999 முதல் 2015 வரையிலான 16 ஆண்டுகளில் மட்டும் போர்னியோ சுமார் 1,48,500 ஒராங்குட்டான்களை இழந்துவிட்டதாக 2018-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காடு அழிந்த இடங்களில் மட்டும் நடந்ததில்லை இது. மரங்கள் நின்றுகொண்டிருந்த காடுகளிலும் எண்ணிக்கை சரிந்திருந்தது. வேட்டையும், தோட்டத்துக்குள் வந்தவற்றைக் கொன்றதும் அதற்குக் காரணம்.

மூன்றாவது வீடு: ராயா காட்டிக்கொடுத்த ரகசியம்

மறுபடி சுமத்ரா. மேடானிலிருந்து தெற்கே, உலகப் புகழ்பெற்ற தோபா ஏரியைக் கடக்க வேண்டும். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ராட்சத எரிமலையின் வாய்தான் இன்று ஏரியாகத் தேங்கி நிற்கிறது. அதைத் தாண்டி, தாருத்துங் ஊர் வழியாகச் சிபிரோக் போகும் மலைச்சாலையின் இரு பக்கமும் எழுந்து நிற்பதுதான் பத்தாங் தோரு காடு.

இந்தப் பகுதி தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமானதில்லை. மலைக்கு மேற்கே கடற்கரையில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. உள்காட்டு மரங்களிலிருந்து எடுத்த கற்பூரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த 1088-ம் ஆண்டுக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வைத்த கல்வெட்டு. இன்று பாரூஸ் இருப்பது மத்திய தபானுலி மாவட்டத்தில். பத்தாங் தோரு காடு பரவியிருக்கும் மூன்று மாவட்டங்களில் அதுவும் ஒன்று.

ஆயிரம் ஆண்டுகளாக வணிகர்கள் வந்துபோன கரைக்குப் பின்னால், ஒரு தனி மனிதக்குரங்கு இனமே வாழ்ந்துகொண்டிருந்தது அறிவியலுக்குத் தெரியாது. தோபா ஏரிக்குத் தெற்கே ஒராங்குட்டான்கள் இருப்பதை 1990-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். ஆனாலும் அவை சுமத்ரா இனத்தையே சேர்ந்தவை என்று நினைத்தார்கள்.

2013 நவம்பரில் இந்தக் காட்டோரக் கிராமம் ஒன்றில், மனிதர்களுடன் ஏற்பட்ட மோதலில் ஓர் ஆண் ஒராங்குட்டான் படுகாயமடைந்தது. மீட்டுச் சிகிச்சை கொடுத்தும் சில நாள்களில் இறந்துபோனது. அதன் பெயர் ராயா. அதன் எலும்புக்கூட்டைப் பரிசோதித்தவர்களுக்கு ஆச்சர்யம். மண்டை ஓடு சிறியது, பற்களின் அமைப்பும் மாறுபட்டது. அதை வேறு 33 ஆண் ஒராங்குட்டான்களின் மண்டை ஓடுகளோடு ஒப்பிட்டார்கள். 37 ஒராங்குட்டான்களின் மரபணுவை அலசினார்கள். 2017 நவம்பரில் அறிவிப்பு வந்தது: 'இது புதிய இனம். பெயர், தபானுலி ஒராங்குட்டான்.'

1929-ல் போனபோ அடையாளம் காணப்பட்ட பிறகு, ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த புதிய பெரிய மனிதக்குரங்கு. ஆனால், உண்மையில் மூன்றில் மூத்தது இதுதான். தபானுலியின் மரபுவழி சுமார் 34 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்கிறது மரபணுக் கணக்கு. சுமத்ராவின் தென்பகுதியில் இருப்பதற்கு நெருங்கிய உறவு, அதே தீவின் வடபகுதியில் இருப்பதைவிடக் கடல் தாண்டிய போர்னியோவில்தான் இருக்கிறது!

பார்த்ததும் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. முடி கொஞ்சம் சுருட்டை. தலை சிறியது, முகம் தட்டை. ஆணுக்கு எடுப்பான மீசை. பெண்ணுக்கும் தாடி. வயதான ஆணின் கன்ன மடிப்புகளில் பூனைமுடி படர்ந்திருக்கும். மற்ற இரண்டும் தொடாத சில கம்பளிப்பூச்சிகளையும், ஊசியிலை மரக் காய்களையும் இது சாப்பிடும். அந்த நீண்ட குரலும் மற்ற இரண்டிலிருந்து வேறுபட்டது.

அறிவியல் உலகில் பெயர் கிடைப்பதற்கே ஒன்று உயிரை விட வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

எட்டு என்ற எண்

பத்தாங் தோருவில் ஒராங்குட்டான் வாழும் காடு சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. ஆறும் சாலையும் விவசாய நிலமும் குறுக்கே வந்து, மேற்கு, கிழக்கு, சிபுவால்புவாலி என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. 2016-ல் வெளியான கணக்கின்படி மேற்கில் சுமார் 580, கிழக்கில் சுமார் 160. சிபுவால்புவாலியில் வெறும் 24.

'மலைக்காட்டைப் பிடித்துப்போய் அங்கே வாழ்கின்றன' என்றும் சொல்ல முடியாது. பழைய பதிவுகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் இவை வாழ்ந்த பரப்பில் இன்று 5 சதவிகிதம்கூட மிஞ்சவில்லை என்கிறார்கள். தாழ்நிலக் காடுகள் பறிபோனதும், கடைசியாக ஒதுங்கிய இடம்தான் இந்த மலை.

ஒராங்குட்டான் தாய், தன் பிள்ளையை ஏழெட்டு ஆண்டுகள் கூடவே வைத்து வளர்ப்பாள். எது பழம், எது விஷம், எந்தக் கிளை தாங்கும், கூடு எப்படிக் கட்டுவது என எல்லாம் அம்மாவிடம்தான் பாடம். அதனால் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடைவெளி எட்டு, ஒன்பது ஆண்டுகள் வரை போகும். முதல் குட்டியைப் பெறும்போதே தாய்க்கு 15 வயது ஆகியிருக்கும்.

இப்படி நிதானமாகப் பெருகும் இனத்தில், ஆண்டுக்கு ஒரு சதவிகிதம் கூடுதலாக இறந்தாலே போதும், காலப்போக்கில் இனமே அழிந்துவிடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 800-ல் ஒரு சதவிகிதம் எட்டு. ஆண்டுக்கு வெறும் எட்டு இறப்பு. துரியன் பழத்தைத் தின்ன வந்ததற்காக நான்கு, குட்டியைப் பிடிப்பதற்காகக் கொல்லப்பட்ட தாய்கள் நான்கு என்றாலே கணக்கு முடிந்துவிடும்.

அணை, தங்கம், புயல்

இந்த நிலையில்தான் பத்தாங் தோரு ஆற்றில் 510 மெகாவாட் நீர்மின் திட்டம் வந்தது. மூன்று துண்டுகளும் மறுபடி இணைய வாய்ப்பிருக்கும் பகுதியில் கட்டுமானம் நடப்பதாக விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 2019-ல் பாங்க் ஆஃப் சைனா இந்தத் திட்டத்தை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு, பணிகளை நிறுத்திவைக்கக் கோரியது. வடக்கு சுமத்ராவுக்கு மின்சாரம் வேண்டும், டீசலை எரிப்பதைவிட நீர்மின்சாரம் மேல் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். காட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய தங்கச் சுரங்கமும் இருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்களுக்கு இவை வேலை தருகின்றன. அந்தத் தேவையைக் குறைத்துப் பேசவும் முடியாது.

2025 நவம்பர் கடைசி வாரம். இலங்கையை டிட்வா புயல் புரட்டிப்போட்ட அதே நாள்களில், மலாக்கா நீரிணையில் உருவான சென்யார் புயல் சுமத்ராவைத் தாக்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே புயல் உருவாவதே அபூர்வம். கொட்டிய மழையில் மலைகள் சரிந்தன, ஆறுகள் மரக்கட்டைகளைச் சுமந்துகொண்டு ஊர்களுக்குள் புகுந்தன. சுமத்ராவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் தபானுலியும் ஒன்று.

காட்டுக்குள்ளும் அதே கதைதான். செயற்கைக்கோள் படங்களில் பச்சை மலையின் மேல் நகத்தால் கீறியதுபோல நிலச்சரிவுத் தடங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட தபானுலி ஒராங்குட்டான்கள் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு எட்டையே தாங்காத இனத்துக்கு, ஒரே வாரத்தில் முப்பது! வெள்ளத்துக்குப் பிறகு, பத்தாங் தோரு ஆற்றின் மேல்பகுதியில் இயங்கும் சில நிறுவனங்களின் பணிகளை இந்தோனேசிய அரசு தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

2003-ல் புக்கிட் லாவாங் கற்ற பாடத்தை, 2025-ல் தபானுலி மறுபடி படிக்க நேர்ந்தது. சரிவில் நிற்கும் மரங்கள் ஒராங்குட்டானுக்கு வீடு. கீழே ஆற்றங்கரையில் வாழும் குடும்பங்களுக்கு அவைதான் அணைகட்டி நிற்கும் சுவர். மேலே இருப்பவரின் வீடு சரிந்தால் கீழே இருப்பவரின் வீடும் சேர்ந்தே போகிறது.

நம் அடுப்படிக்கும் ஒரு சம்பந்தம்

உலகிலேயே பாமாயிலை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பெரும்பகுதி வருவது இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பல வீடுகளின் தாளிப்பு. பிஸ்கட், சோப்பு, ஷாம்பு என்று நாம் கவனிக்காத பொருள்களிலும் அது உண்டு. சுமத்ரா, போர்னியோவின் தாழ்நிலக் காடுகள் சுருங்கியதில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

அதற்காக 'பாமாயிலை நிறுத்து' என்பது எளிதான தீர்வு ஆகாது. ஒரு ஏக்கரில் எண்ணெய்ப்பனை தரும் அளவுக்கு சோயாவோ சூரியகாந்தியோ தருவதில்லை. அவற்றுக்கு மாறினால் இன்னும் அதிக நிலம் வேண்டும். புதிதாகக் காட்டை அழிக்காமல், ஏற்கெனவே இருக்கும் தோட்டத்தில் விளைந்த எண்ணெய்தானா என்று கேட்டு வாங்குவதே நடைமுறை வழி. 2004-ல் உருவான நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பின் சான்றிதழ் முத்திரை அதற்காகத்தான். அதில் ஓட்டைகள் உண்டு என்ற விமர்சனமும் இருக்கிறது. ஆனாலும், கேள்வி கேட்கும் வாடிக்கையாளரைக் கம்பெனிகள் கவனிக்கவே செய்கின்றன.

சுற்றுலா போகிறவர்களுக்கும் சில விதிகள் உண்டு. ஒராங்குட்டானிடமிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வாழைப்பழம் நீட்டக் கூடாது, செல்ஃபிக்காக நெருங்கக் கூடாது. சளி, இருமல் இருந்தால் காட்டுக்குள் போகவே கூடாது. நமக்கு வெறும் ஜலதோஷம், அவற்றுக்கு உயிரையே பறித்துவிடலாம். குட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கவிடும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். பணத்துக்காகப் பிடிக்கப்படும் ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் கொல்லப்பட்ட ஒரு தாய் இருக்க வாய்ப்பு அதிகம்.

சுமத்ரா இனத்துக்கு இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மீட்கப்பட்டவற்றை ஆச்சே மாகாணத்தின் ஜந்தோ காட்டிலும், ஜாம்பி மாகாணத்தின் புக்கிட் திகாபுலு காட்டிலும் விட்டு, புதிய கூட்டங்களையே உருவாக்கிவருகிறார்கள். ஒரு காடு போனாலும் இன்னொரு காட்டில் அந்த இனம் தப்பிக்கலாம். தபானுலிக்கு அந்த இன்னொரு காடு இல்லை. ஒரு லட்சம் போர்னியோ ஒராங்குட்டான்கள் இருந்தாலும், 34 லட்சம் ஆண்டு வரலாறு கொண்ட இந்தச் சுருட்டைமுடிக்காரரின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது.

பத்தாங் தோருவில் சாயங்காலம் ஆகிறது. ஒராங்குட்டான்கள் கிளைகளை வளைத்து, இலைகளைப் பரப்பி, அன்றைய இரவுக்கான கூட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரம். ஒவ்வொரு மாலையும் புதுக் கூடு. பக்கத்துக் கிளையில் குட்டியும் அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சின்னக் கிளைகளை மடக்கிப் பழகும். அது தனியாகக் கட்டக் கற்று, தாயை விட்டுப் பிரிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த மரங்கள் நின்றால் போதும்.